விடுதிப் பள்ளிக்குப் பறக்கும் பெட்டி: 15 கிலோ போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறக்கும் வாரத்தில் விமான நிலையத்துக்குப் போனால் ஒரு காட்சி தப்பாமல் கண்ணில் படும். எடை பார்க்கும் கவுன்டருக்குப் பக்கத்தில் தரையிலேயே ஒரு பெரிய பெட்டி வாயைப் பிளந்து கிடக்கும். அம்மா ஒரு பக்கம் ஸ்வெட்டரை உருவிக்கொண்டிருப்பார். அப்பா நோட்டுப் புத்தகக் கட்டைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருப்பார். விடுதிக்குப் போகிற பிள்ளை, இது யார் வீட்டுப் பெட்டியோ என்பதுபோல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் உள்ளே ஆடம்பரம் என்று ஒன்றுகூட இருக்காது. எல்லாம் பள்ளி அனுப்பிய பட்டியலில் உள்ளவைதான்.

கோளாறு அந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறது. அது ஓராண்டுக்கு வேண்டியதைச் சொல்கிறது. பெற்றோர் அதை முதல் நாளே கையோடு கொண்டுபோக வேண்டியதாக எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குள் போக வேண்டியது முதல் பத்து நாளுக்கான பொருள் மட்டுமே. மீதியைப் போன இடத்தில் வாங்கலாம், பார்சலில் அனுப்பலாம், முதல் விடுமுறைக்கு வந்து திரும்பும்போது எடுத்துப் போகலாம்.

பத்து நாள் என்பது குத்துமதிப்பாகச் சொல்வதல்ல, சலவைக் கணக்கு. பெரும்பாலான விடுதிகளில் அழுக்குத் துணியை வாரம் ஒருமுறை எடுப்பார்கள், இரண்டு மூன்று நாளில் துவைத்துத் திருப்புவார்கள். ஏழும் மூன்றும் பத்து. எனவே பெட்டி கட்டும் முன் வார்டனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சலவைக்கு எந்தக் கிழமை போடுவது, எந்தக் கிழமை திரும்பும்? விடையை வைத்து இப்படிக் கூட்டிக்கொண்டால் எண்ணிக்கை கிடைத்துவிடும். வாரம் இருமுறை எடுக்கும் விடுதி என்றால் ஆறே நாள் கணக்கு, துணியில் ஐந்தில் இரண்டு பங்கு குறையும்.

பத்து நாள் கணக்கில் பார்ப்போம். உள்ளாடை 10, சாக்ஸ் 10 ஜோடி. பத்து நாளில் வகுப்பு நடப்பது ஏழு நாள் அளவுக்கு வரும். சட்டை ஒருநாள்தான் தாங்கும் என்பதால் சீருடைச் சட்டை 7, இரண்டு மூன்று நாள் தாங்கும் பேன்ட் அல்லது பாவாடை 3. விளையாட்டு உடை 2 செட், இரவு உடை 2, வெளி உடைக்கு டி-ஷர்ட் 4, லேசான பேன்ட் 2, ஸ்வெட்டர் 1. இவ்வளவையும் தராசில் வைத்தால் 7 கிலோ சுற்றி வரும். ஒன்றிரண்டு துணியைக் கையால் அலசிக் காயப்போடத் தெரிந்த பிள்ளைக்குச் சட்டை 5 போதும். போகும் முன் இந்த ஒன்றைப் பழக்கிவிட்டால் அரைக் கிலோ அளவுக்குக் குறையும்.

ஜீன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு ஜீன்ஸ் 600 முதல் 700 கிராம் வரை எடை. டி-ஷர்ட் 150 முதல் 200. மூன்று ஜீன்ஸ் வைப்பது ஒரு டஜன் டி-ஷர்ட் வைப்பதற்குச் சமம். அதோடு, விடுதியின் கொடியில் அது சீக்கிரம் காயாது. ஈரத்தோடு அலமாரியில் போய்ப் பூஞ்சை வாசம் பிடிக்கும். ஒன்று போதும், அதையும் பயணத்தன்று உடுத்திக்கொள்ளட்டும்.

குளிர் ஊருக்குப் போகிறவர்கள் கனத்த ஸ்வெட்டர் மூன்று வைப்பதைவிட மெல்லிய கம்பளி இரண்டும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்றுமாக வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இடையில் நிற்கும் காற்றே சூடு காக்கும். ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொண்டு ஏறிவிட்டால் பெட்டியில் அதற்கு எடையே இல்லை. கையால் துவைக்கும் கம்பளி உடையை விடுதிச் சலவைக்கு நம்பிக் கொடுக்காதீர்கள். வெந்நீரிலும் சூட்டு உலர்த்தியிலும் புரண்டு வந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஸ்வெட்டர் ஆறு வயதுக்காரருக்குத்தான் பொருந்தும். சலவை இயந்திரத்தில் போடலாம் என்று சீட்டு தைத்த கம்பளியாகப் பார்த்து வாங்குங்கள்.

வளர்கிற பிள்ளை என்று அடுத்த அளவுச் சீருடையையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் ஓராண்டில் 7, 8 செ.மீ. உயரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்தான். ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கால்மடிப்பில் 5 செ.மீ. துணி விட்டுத் தைத்தால் போதும். இரண்டாம் அளவு முதல் பெட்டியில் ஏற வேண்டாம்.

அடுத்தது பெட்டியின் எடை. கனமான ஓடு போட்ட பெரிய சூட்கேஸ் காலியாகவே 4 முதல் 5 கிலோ இருக்கும். 23 கிலோ அனுமதியில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் பெட்டிக்கே போய்விடுகிறது. சக்கரம் வைத்த துணிப்பை இரண்டரை கிலோவுக்குள் கிடைக்கும். இன்னொரு நன்மை, விடுதி அறையில் அதைத் தட்டையாக மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஓட்டுப் பெட்டி மடங்காது, வருடம் முழுக்கக் காலில் இடிக்கும். அளவிலும் பெரியதே வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்பது பல நிறுவனங்களின் உச்சவரம்பு. அதை எட்டும் பெட்டியை வாங்கினால் கை சும்மா இருக்காது, நிரப்பித்தான் தீரும். 65 செ.மீ. உயரப் பை போதும்.

டிக்கெட்டில் சாமான் வரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மொத்த எடை சொல்லும் டிக்கெட் ஒரு வகை, இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் இத்தனை கிலோ என்று சொல்வது இன்னொரு வகை. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்றிருந்தால், 26-உம் 20-உம் செல்லாது. கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் 26 கிலோ பெட்டிக்குத் தண்டம் கட்ட வேண்டும். 32 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பெட்டியைப் பணம் கட்டினாலும் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அதைத் தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. தனித்தனி டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்களில் மாறிப் போகிறவர்கள், இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். நடுவில் இறங்கும் இடத்தில் பெட்டியைத் தாமே எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் நேரலாம். பிள்ளை தனியாகப் போகிறதென்றால் இந்த வகை டிக்கெட்டைத் தவிர்ப்பது நல்லது.

சத்தமில்லாமல் எடையை ஏற்றும் பொருள் எது என்று கேட்டால், காகிதம் என்பேன். ஒரு சதுர மீட்டர்த் தாளை வெட்டினால் பதினாறு ஏ4 தாள் வரும். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று அட்டையில் போட்டிருக்கும் அச்சுத் தாள் ஒன்று சரியாக 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. நோட்டுத் தாள் மெல்லிசு, 60 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 200 பக்க ஏ4 நோட்டு அட்டையோடு 400 கிராம். ஆறு பாடத்துக்கு ஆறு நோட்டு வைத்தால் 2.4 கிலோ. எழுதாத வெறும் காகிதத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம்! பள்ளிக் கடையில் கிடைக்கும் பொருள்களில் முதலாவது நோட்டுதான். ஒரு ரஃப் நோட்டும் நான்கு பேனாவும் போதும். பாடப்புத்தகம் பள்ளியே கொடுக்கிறதா என்று கேளுங்கள். பழைய வழிகாட்டிகள், அகராதிகள் எல்லாம் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். பிள்ளை கேட்டால் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாம்.

படுக்கை விஷயத்தில் பட்டியலை நம்பாமல் நேரில் கேட்பதே சரி. மெத்தை, தலையணை, கம்பளிப் போர்வையை விடுதியே கொடுத்துவிட்டு, பட்டியலில் பழைய வரியை எடுக்காமல் விட்டிருப்பார்கள். ரஜாய் என்ற பஞ்சு வைத்துத் தைத்த போர்வை ஒன்று இரண்டு கிலோ. ஒற்றைக் கட்டில் விரிப்பு அரைக் கிலோ. தடித்த குளியல் துண்டு 500 முதல் 700 கிராம், மெல்லிய பருத்தித் துண்டு 200 கிராம். மெல்லியதே சீக்கிரம் காயும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் உறையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. போர்வை அப்பளமாகச் சுருங்கும், பெட்டியில் பாதி இடம் காலியாகும், அந்த இடத்தில் இன்னும் நான்கு பொருள் ஏறும், கடைசியில் எடை கூடியிருக்கும். உறை குறைப்பது பருமனை மட்டுமே. இரண்டு கிலோ ரஜாய் உறைக்குள்ளும் இரண்டு கிலோதான். திரும்பி வரும்போது விடுதியில் வேக்குவம் கிளீனர் கிடைக்காமல், அதே பெட்டிக்குள் அதே போர்வை அடங்க மறுப்பது வேறு கதை.

ஷூ மூன்று ஜோடி பட்டியலில் இருக்கும். இருப்பதில் கனமானதைக் காலில் போட்டுக்கொண்டு, ஒன்றை மட்டும் பெட்டியில் வையுங்கள். வளர்ந்த பிள்ளையின் தோல் ஷூ ஜோடி ஒரு கிலோவை நெருங்கும். பெட்டியில் வைக்கும் ஷூவின் வயிற்றில் சாக்ஸை உருட்டித் திணித்தால் வடிவமும் கெடாது, இடமும் மிஞ்சும். புதுத் தோல் ஷூவைப் பெட்டியோடு புதிதாக அனுப்பாமல், இரண்டு வாரம் முன்பே வீட்டில் போட்டு நடக்க வையுங்கள். பிள்ளைகள் பலர் முதல் வாரம் விடுதி மருத்துவ அறைக்குப் போவது குதிகால் கொப்புளத்துக்காகத்தான்.

ஷாம்பூ, எண்ணெய் போன்றவை லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. பத்து நாளுக்கு ஷாம்பூ 100 மி.லி. தாராளம். குளியலுக்குத் திரவச் சோப்பு வேண்டாம், கட்டிச் சோப்பு கசியாது. கசிவுக்கு என்ன காரணம் என்று தெரிந்தால் தடுப்பது எளிது. விமானத்துக்குள் காற்றழுத்தம், 2,400 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் அளவுக்குக் குறையலாம். சாமான் அறையிலும் அதே அழுத்தம்தான். பாட்டிலுக்குள் மாட்டிய காற்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விரிந்து, திரவத்தை மூடி வழியாக வெளியே தள்ளும். பாதி காலியான பாட்டில்தான் அதிகம் கசியும். ஆகவே சின்ன மென்பாட்டிலில் ஊற்றி, மேலே நிற்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, அழுத்திய நிலையிலேயே மூடுங்கள். வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து அதன்மேல் மூடியைத் திருகினால் இன்னும் பத்திரம். எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு, துணிக்கு நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள்.

கைப்பைக்குப் பல நிறுவனங்கள் தருவது 7 கிலோ. பெரிய பெட்டியில் மிஞ்சியதைக் கொட்டும் குப்பைத்தொட்டியாக அதை நினைப்பதுதான் பெரிய தவறு. பெட்டி இரண்டு நாள் தாமதமானாலும் பிள்ளை சமாளிக்கத் தேவையானது கைப்பையில் இருக்க வேண்டும். ஒரு செட் சீருடை, ஒரு இரவு உடை, இரண்டு உள்ளாடை, பல் துலக்கி, மூக்குக்கண்ணாடி, மருந்து, சேர்க்கைக் கடிதம், பயண ஆவணங்கள், சார்ஜர். மருந்து அதன் அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் வேதிப் பெயரையும் எழுதி வாங்குங்கள். இன்சுலின் உறைந்தால் பயன்படாது, அதைக் கீழே அனுப்பவே கூடாது. ஆஸ்துமா இன்ஹேலர் பையில்கூட வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். பேட்டரியின் ஆற்றல் அளவு 100 வாட்-மணி (Wh) வரை என்றால் தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, அதற்குமேல் கிடையாது. பேட்டரியில் மில்லி ஆம்பியர்-மணி (mAh) கணக்கு மட்டும் போட்டிருந்தால் 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, சரி. 30,000 என்றால் 111, ஒப்புதல் இல்லாமல் போகாது. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்ள வாய்ப்புண்டு. விமானம் நிரம்பிவிட்டது என்று வாசலில் கைப்பையை வாங்கிக் கீழே போடும்போது பவர் பேங்கை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள், அந்த அவசரத்தில் யாருக்கும் நினைவு வராது. ஜியாமெட்ரி பாக்ஸ் நேர் எதிர். கூர்முனைக் கவராயம், கத்தரிக்கோல், நகவெட்டிக் கத்தி, பந்து மட்டை எல்லாம் பெரிய பெட்டிக்கு. சர்வதேசப் பயணத்தில் கைப்பைத் திரவம் 100 மி.லி. புட்டிகளில், உள்ளே இருப்பது தெரியும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் என்பது இன்னும் பெரும்பாலான இடங்களில் நடப்பில் உள்ளது. 200 மி.லி. பற்பசைக் குழாயில் கொஞ்சம்தான் மிச்சம் என்றாலும் விட மாட்டார்கள். குழாயின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள்.

எடை பார்ப்பதைக் கடைசி இரவுக்கு விடாமல் மூன்று நாள் முன்பே செய்யுங்கள். கொக்கித் தராசு இல்லையென்றால் ஆள் எடை பார்க்கும் தராசு போதும்: பெட்டியோடு ஏறி நின்று, இறக்கிவிட்டு ஏறி நின்று, கழித்துக்கொள்ளலாம். வீட்டுத் தராசை நம்பி விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு கிலோ விட்டுவையுங்கள். மேலே சொன்ன அளவில் பை, துணி, ஒரு ஷூ, செருப்பு, துண்டு, விரிப்பு, சோப்புப் பை, எழுதுபொருள் எல்லாம் சேர்ந்து 14, 15 கிலோவில் நிற்கும். பிறகு தராசில் வராத சோதனை ஒன்று உண்டு. பிள்ளையே பெட்டியைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மேசைமேல் வைக்கட்டும், பிறகு ஒரு மாடிப்படி ஏற்றி இறக்கட்டும். சாமான் பட்டையிலிருந்து பெட்டியை இழுத்து எடுப்பதும், லிஃப்ட் இல்லாத விடுதிப் படியில் ஏற்றுவதும் அந்த இரண்டு அசைவுதான். முடியவில்லை என்றால் இன்னும் எடுங்கள். முதுகுப்பைக்குக் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம். 40 கிலோ பிள்ளைக்கு 4 முதல் 6 கிலோ. கைப்பை அனுமதி 7 கிலோ என்பதற்காக ஏழையும் முதுகில் ஏற்ற வேண்டியதில்லை.

பெட்டியைப் பிள்ளையே அடுக்கட்டும். நாம் அடுக்கிக் கொடுத்தால் எது எங்கே என்று தெரியாமல் முதல் இரவே மொத்தத்தையும் கட்டில்மேல் கவிழ்த்துத் தேடும். கனமானது சக்கரத்துப் பக்கம், முதல் இரவுக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் மேலே, மற்றதெல்லாம் அவரவர் வசதி. சுருட்டுவதா மடிப்பதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை, எடை இரண்டிலும் ஒன்றே.

பெயர்ச்சீட்டு பெட்டிக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வெளிச்சீட்டு பிய்ந்துபோனால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். முகவரி போகிற இடத்துப் பள்ளியுடையதாக இருக்கட்டும். வீட்டு முகவரி எழுதினால் தொலைந்த பெட்டி வீட்டுக்குத் திரும்பி வரும், பிள்ளை அங்கே இருக்கும். ஒப்படைக்கும் முன் பெட்டியை வெளியேயும் திறந்தபடியும் படமெடுத்துக்கொள்ளுங்கள். துணிக்குச் சலவை எண்ணை அழியாத மையிலோ இஸ்திரி போட்டு ஒட்டும் நாடாவிலோ போடுங்கள். சாக்ஸில் ஜோடியின் இரண்டிலும் போட வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால் வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனக் கவுன்டரில் புகார் எழுதி, எண்ணோடு நகல் வாங்க வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கை (விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) பொருந்தும் சர்வதேசப் பயணத்தில், பெட்டி சேதமாகியிருந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பயணி ஒருவருக்கு இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). பன்னிரண்டு வயதுக்குக் கீழே தனியாகப் பறக்கும் பிள்ளையைப் பல நிறுவனங்களில் ஊழியரே அழைத்துப் போய், படிவத்தில் பெயர் உள்ள பெரியவரிடம் அடையாள அட்டை பார்த்து ஒப்படைப்பார். அந்தப் பெரியவருக்கும் இந்த விவரத்தைச் சொல்லி வையுங்கள், புகார் எழுத வேண்டியவர் அவராகத்தான் இருப்பார்.

இவ்வளவும் பெற்றோருக்கு. பட்டியல் அனுப்பும் பள்ளிகளிடமும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்க வேண்டியது உண்டு. நாற்பது வரிப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: முதல் நாள் கையில் இருக்க வேண்டியது, முதல் மாதத்தில் பள்ளிக் கடையிலேயே வாங்கக்கூடியது, குளிரோ மழையோ தொடங்கும் முன் வந்து சேர வேண்டியது. சலவைக் கிழமையைப் பட்டியலின் தலையிலேயே அச்சிடுங்கள். முன்கூட்டியே வரும் பார்சலை வாங்கி வைக்க ஒரு தேதியும் ஓர் ஆளும் சொல்லுங்கள். விடுமுறையில் போர்வை, ஷூ, புத்தகத்தை வைத்துவிட்டுப் போகப் பூட்டுள்ள அறை உண்டா இல்லையா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு விடுமுறைக்கும் அத்தனையும் விமானம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கட்டில் விரிப்பு என்று எழுதும் இடத்தில் மெத்தையின் நீள அகலத்தையும் போட்டுவிடுங்கள். அளவு தெரியாததால்தான் வீட்டுக்கு வீடு இரட்டைக் கட்டில் விரிப்பாக வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர்